ஜீன் ரியோ பேக்கர்: கடல் கடந்து களர் நிலத்துக்கு

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையின் முன்னோடிப் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் 1856-ஆம் ஆண்டுக் கைவண்டிப் பயணத்தில்தான் போய் நிற்கும். மாடும் வண்டியும் வாங்க வக்கில்லாத ஐரோப்பியக் குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி, அமெரிக்காவின் மேற்கே யூட்டாவை நோக்கி 1,300 மைல் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தன. அந்த ஆண்டு தாமதமாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு கூட்டங்கள் வயோமிங் பனியில் மாட்டிக்கொண்டதில் இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். நெஞ்சை உலுக்கும் கதைதான். ஆனால் அதில் எமன் வழியிலேயே காத்திருக்கிறான். வழி முடிந்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. உயிர் தப்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் அதற்கப்புறம் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

ஜீன் ரியோ பேக்கரை இங்கே எடுத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். இவர் ஏழை இல்லை. கைவண்டி இழுக்கவில்லை. பயணத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தும் மனம் தளராமல், நன்றி சொல்லிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தவர். அவரை உடைத்தது அந்த ஊர்தான். அதை அவரே தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறார்.

புறப்படுவதற்கு முன்

1810 மே மாதம் லண்டனில் பிறந்தவர். வசதியான வீடு, இசைப் பயிற்சி, ஹென்றி பேக்கர் என்ற கணவர், பிள்ளைகள் என்று போன வாழ்க்கை. 1849-இல் லண்டனைக் காலரா தாக்கியது. அந்தக் கொள்ளைநோய் நகரில் சுமார் 14,000 பேரைக் கொண்டுபோனது. ஹென்றி பேக்கரும் அதில் ஒருவர். குடிதண்ணீர் வழியாகத்தான் நோய் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதே ஆண்டில்தான் முதன்முதலாக எழுதினார், கேட்கத்தான் ஆளில்லை.

ஜீன் ரியோ மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றதும் அந்த 1849-இல்தான். பிற்காலப் பரிசுத்தவான்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இந்தச் சபையை 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியவர் ஜோசப் ஸ்மித். 1844-இல் அவரை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் வந்த பிரிகாம் யங், எஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு மேற்கே போய், 1847 ஜூலையில் யூட்டாவின் பெரிய உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். இதற்கிடையில் சபைக்கு ஆள் சேர்ந்த இடம் இங்கிலாந்து. 1837-இல் பிரெஸ்டன் நகரில் சமயம் பரப்பும் முதல் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். 1851 வாக்கில் பிரிட்டனில் உறுப்பினர் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டிவிட்டது. தலைமையகம் இருந்த யூட்டாவிலோ 1850 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே 11,380. தாய்வீட்டைவிடப் புகுந்த வீட்டில் கூட்டம் அதிகம். (1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் மதராசுக்கும் வந்து பிரசங்கம் செய்தார். லண்டனில் எடுபட்டது மதராசில் பெரிதாக எடுபடவில்லை.)

ஞானஸ்நானம் பெற்றதோடு கடமை தீர்ந்துவிடாது. உலகம் பாபிலோன், அதை விட்டு வெளியேறி, கடவுளின் மக்கள் கூடும் புனித இடமான சீயோனில், அதாவது யூட்டாவில், கூடிச்சேர வேண்டும் என்பது அப்போது சபையின் கட்டளை. இந்த விஷயத்தில் சபையின் நிர்வாகத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். லிவர்பூலில் முகவரை வைத்து, கப்பல் பிடித்து, பயணிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டு, ஆற்றுப் படகு முதல் மாட்டுவண்டி வரை ஏற்பாடு செய்து அனுப்பினார்கள். சபை இங்கிலாந்தில் நடத்திய பத்திரிகையில் முன்னே போனவர்களின் கடிதங்கள் வரும். ஆக, போகும் வழியைப் பற்றித் தகவல் தாராளமாகக் கிடைத்தது. போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய தகவலோ, ஆள் சேர்த்தவர்கள் கையிலிருந்துதான் வந்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஜீன் ரியோவின் கதையைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1850 ஜூலையில் பிரான்சின் பூலோன் நகரில் நடந்த ஒரு பொது விவாதத்தில், சபையின் மூத்த தலைவர் ஜான் டெய்லரிடம் பலதாரமணம் பற்றி நேருக்கு நேராகக் கேட்டார்கள். அப்படி எதுவுமே இல்லை என்று அவர் மறுத்தார். அப்போதே அவருக்குப் பல மனைவியர் இருந்தார்கள். 1852 ஆகஸ்ட் 29 அன்று சால்ட் லேக் சிட்டியில் சபையே அதைப் பகிரங்கமாக அறிவித்தது. ஜீன் ரியோ இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது அந்த மறுப்புக்குப் பின், இந்த அறிவிப்புக்கு முன்.

லண்டனிலிருந்து உப்பு ஏரிக்கு

1851 ஜனவரி 4-ஆம் தேதியோடு அவருடைய நாட்குறிப்பு தொடங்குகிறது. தெரிந்தவர்கள் எல்லாரையும் கூட்டி விடைபெற்றதாகவும், இனி இந்தப் பூமியில் அவர்களைப் பார்க்கப் போவதில்லை என்றும் எழுதுகிறார். திரும்பி வரும் எண்ணமே இல்லை. பிறந்த மண்ணை நிரந்தரமாக விடுகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்தே போகிறார். வயது 40. உடன் ஏழு பிள்ளைகள். மூத்தவர்கள் வளர்ந்த ஆட்கள். கடைக்குட்டி ஜோசையாவுக்கு நாலு வயது, ஏற்கெனவே நோயாளி.

சாமான்களில் ஒரு பியானோவும் இருந்தது. கடல், ஆறு, சேறு, மலை எல்லாம் தாண்டி அது யூட்டா போய்ச் சேர்ந்தது. அங்கே வந்த முதல் பியானோ அதுதான் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பட்டத்துக்கு வேறு போட்டியாளர்களும் உண்டு. யார் முதல் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பியானோவைக் கட்டி எடுத்துப் போகிறவர், அதை வைக்க ஒரு கூடம் இருக்கும் என்று நம்பித்தான் எடுத்துப் போவார்.

ஜார்ஜ் டபிள்யூ. போர்ன் என்ற பாய்மரக் கப்பல், ஜனவரி பிற்பகுதியில் லிவர்பூலை விட்டது. பிப்ரவரி 22 அன்று நடுக்கடலில் ஜோசையா இறந்தான். உடலைக் கடலில்தான் விட வேண்டியிருந்தது. நாட்குறிப்பில் அந்தத் துக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் சந்தேகம் எட்டிப் பார்க்கவில்லை. பையனுக்கு உடம்பு சரியில்லாதபோது ஏன் கிளம்பினோம் என்ற கேள்வியும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் கடலின் நிறத்தையும் வானத்தையும் பழையபடி ரசித்து எழுதுகிறார். இதை மனத்திண்மை என்று சிலர் படிக்கலாம். நான் இதை நம்பிக்கை இன்னும் அடிவாங்காத கட்டம் என்று படிக்கிறேன். சாவு கடவுள் கணக்கு. அதற்கு யாரையும் பொறுப்பாக்க அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ். இங்கிலாந்துப் பெண் ஒருவரின் துணையோடு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனவர், பெண் அடிமைகளை விற்கும் சந்தைக்கும் போயிருக்கிறார். வெளிச்சமான பெரிய கூடம், சுற்றிலும் இருக்கைகள், அவற்றில் சிறுமிகள் முதல் முப்பது வயதுப் பெண்கள் வரை. அவர்கள் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்துப் போனதாக எழுதுகிறார். இங்கிலாந்துக் கூலித் தொழிலாளியைவிட இவர்களில் பலர் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று கூட வந்தவர் சொன்னதையும் குறித்துக்கொள்கிறார். வாங்க வருகிறவர்கள் முன்னால் சிரித்த முகம் காட்ட வேண்டும், ஆடச் சொன்னால் ஆட வேண்டும் என்பது அந்தச் சந்தைகளில் வியாபாரிகள் போட்ட கட்டளை. ஒரு மத்தியான வேளை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது எங்கே தெரியப் போகிறது?

அங்கிருந்து கான்கார்டியா என்ற நீராவிப் படகில் மிசிசிப்பி ஆற்றில் 1,000 மைலுக்கு மேல் எதிர்நீச்சல் போட்டு செயின்ட் லூயிஸ். இந்தப் படகுகளின் கொதிகலன்கள் வெடிப்பது அன்று வாடிக்கை. மறு ஆண்டு ஏப்ரலில் மார்மன் குடியேறிகளை ஏற்றிச் சென்ற சலூடா என்ற படகு மிசௌரி ஆற்றில் அப்படித்தான் வெடித்துப் பலர் செத்தார்கள். ஜீன் ரியோவின் படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

செயின்ட் லூயிஸில் கூண்டு வண்டிகளும் எருதுகளும் வாங்கினார். சபை கடன் கொடுத்து ஏழைகளை அழைத்துப் போகும் நிதி ஒன்று 1849-இலேயே தொடங்கியிருந்தது. கடல் கடந்து வருகிறவர்களுக்கு அது 1852-இல்தான் கைகொடுத்தது. ஜீன் ரியோவுக்கு அது தேவைப்படவுமில்லை. எல்லாம் சொந்தக் காசு.

பயணத்தின் மோசமான பகுதி பாலைவனமோ மலையோ அல்ல, அயோவாவின் சேறு. 1851 அந்த மாநிலம் கண்டிராத மழை ஆண்டு. டி மொயின் நகரம் மே மாதம் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த வசந்த காலத்தில்தான் லண்டன் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் முதன்முறையாக எருதுக்கு நுகத்தடி பூட்டப் பழகினார்கள். எருதுகளும் பழக்காதவை. வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கும். ஒரு வண்டியின் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்து இன்னொரு வண்டிக்கு முன்னால் பூட்டி இழுக்க வேண்டும். அப்புறம் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு போய் முதல் வண்டிக்கு அதே வேலை. பகல் முழுக்கப் பாடுபட்டு ஒரு சில மைல் நகர்ந்தால் பெரிய காரியம்.

மிசௌரி ஆற்றங்கரைக்கு வந்த பிறகு ஒழுங்கு கூடியது. பத்து வண்டி, ஐம்பது வண்டி என்று அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தலைவர் போட்டு நடத்துவது மார்மன் முறை. இவர்கள் ஜான் பிரவுன் தலைமையில் ஜூலையில் கிளம்பினார்கள். பிளாட் ஆறு, ஸ்வீட்வாட்டர் ஆறு, ராக்கி மலைகள். செப்டம்பர் 29 அன்று பள்ளத்தாக்கு கண்ணில் பட்டது. அந்த இடத்தில் தன் உணர்ச்சியைப் பிரித்துச் சொல்வது கடினம் என்றும், மேலோங்கி நின்றது மகிழ்ச்சியும் நன்றியும் என்றும் எழுதுகிறார். லண்டனில் விடைபெற்று ஒன்பது மாதம் ஆகச் சில நாள்தான் குறைவு.

பதினெட்டு ஆண்டு இடைவெளி

இந்தக் கதையின் விசித்திரமே இங்கேதான். வழிநெடுக அத்தனை விவரமாக எழுதியவர், வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். திரும்ப எடுப்பது 1869 செப்டம்பர் 29. சரியாக வந்து சேர்ந்த அதே தேதி. யூட்டாவில் குடியிருக்கத் தொடங்கி இன்றோடு பதினெட்டு ஆண்டு. பதினெட்டு ஆண்டும் கடும் உழைப்பு, ஏறக்குறைய இடைவிடாத ஏமாற்றம் என்கிறார். 20 ஏக்கர் பண்ணை வெறும் காரமண் திட்டாக அமைந்து, விளைச்சல் தருவதற்குப் பதில் போட்ட விதையைக் கொன்றது. இப்போது ஆக்டன் நகரில் ஒரு சின்ன மரக்கட்டை வீட்டில் தையல் வேலை செய்து பிழைக்கிறேன் என்கிறார்.

நம் ஊர் விவசாயிக்கு இது ஒன்றும் புதிர் இல்லை. களர் நிலம். வெயில் காலத்தில் மேலே வெள்ளை பூத்துக் கிடக்கும், விதை முளைக்காது, முளைத்தாலும் கருகும். சரியான வடிகால் வெட்டி, ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் வழிக்கு வரும். பெரிய உப்பு ஏரியைச் சுற்றியுள்ள தாழ்வான நிலங்களில் பல, பழங்காலத்தில் பான்வில் என்ற மாபெரும் ஏரியின் அடித்தரையாக இருந்தவை. அந்த ஏரி வற்றிச் சுருங்கி மிஞ்சியதுதான் இன்றைய உப்பு ஏரி. அதற்கு வெளியே போகும் வாய்க்கால் கிடையாது. வந்து சேரும் உப்பெல்லாம் அங்கேயே தங்குகிறது. அதன்மேல் மலையோடைத் தண்ணீரைத் திருப்பிப் பாய்ச்சினால் அடியில் நீர்மட்டம் ஏறும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே நிற்கும். மேட்டுப்பாங்கான நல்ல மண் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். தாழ்வான துண்டு வந்தவர்கள் மாட்டினார்கள். மழையை நம்பிப் பயிர் செய்யும் ஈர நாடான இங்கிலாந்திலிருந்து, அதுவும் லண்டன் நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் மண்ணைப் பார்த்ததும் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரைப் பக்கம் வழியோரக் குட்டைகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும் காரப் பொடியை, அந்த வழியே போன குடியேறிகள் வாளி வாளியாக அள்ளிக்கொள்வார்கள். ரொட்டி மாவு உப்புவதற்குக் கடையில் வாங்கும் சோடாவுக்குப் பதில் அது ஆயிற்று. வழியில் ரொட்டிக்கு உதவிய அதே வகைச் சரக்குதான் ஆக்டனில் கோதுமையை முளைக்கவிடாமல் செய்தது.

காசு இருந்ததே, வேறு நிலம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அன்றைய யூட்டாவில் காசின் வலிமை குறைவு. பணப்புழக்கமே அருமை. தானியம், மாடு, உடல் உழைப்பு இவற்றை மாற்றிக்கொண்டுதான் வாழ்க்கை ஓடியது; சபைக்குக் கொடுக்கும் தசமபாகம்கூடப் பெரும்பாலும் பொருளாகவே போனது. நிலம் சபையின் ஏற்பாட்டில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் நில அலுவலகம் யூட்டாவில் திறந்ததே 1869-இல்தான். அதுவரை அங்கே யாருக்கும் முறையான பட்டா கிடையாது. விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்றால் நல்ல நிலத்துக்கே விலை வராது, களர் நிலத்தை யார் வாங்குவார்கள்?

நடுவில் போன காலமும் சாதாரணக் காலம் அல்ல. 1855-இல் வெட்டுக்கிளி, வறட்சி, அதைத் தொடர்ந்து கொடிய குளிர்காலம், பஞ்சம். 1856-57-இல் பாவ அறிக்கை கேட்டு வீடு வீடாக வந்த மதச் சீர்திருத்த அலை. 1857 செப்டம்பரில் யூட்டாவின் தெற்கே மௌண்டன் மெடோஸ் என்ற இடத்தில் கலிபோர்னியா நோக்கிப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை மார்மன் படையினர் கொன்றார்கள். 1858 வசந்தத்தில் அமெரிக்கப் படை வருகிறதென்று வடக்கிலிருந்த சுமார் 30,000 பேர் வீடுவாசலை விட்டுத் தெற்கே நகர்ந்தார்கள். ஆக்டன் வட்டாரமும் காலியானது. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

ஜீன் ரியோவின் பையன்களில் சிலர் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அங்கே பிழைப்பு இருந்தது. 1864-இல் அவர் எட்வர்ட் பியர்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்; முதுமையில் ஒரு துணை என்ற எண்ணம். ஆறு மாதத்தில் அவரும் இறந்தார்.

அந்த 1869 பதிவின் மையமான வரிகளைச் சுருக்கிச் சொல்கிறேன். மிக உன்னதமான தேவனின் வெளிப்பாடு என்று நம்பியதற்குக் கீழ்ப்படிந்து வந்தேன். சத்திய ஆவி உள்ளவர்கள் என்று நம்பி ஊழியர்களின் வாக்குறுதியை ஏற்றேன். வீட்டை விட்டேன், சொத்தை இழந்தேன், எல்லாவற்றிலும் பிரியமான பிறந்த நாட்டை விட்டேன். எதற்காக? கைக்கு வந்ததும் உடைந்துபோன ஒரு குமிழிக்காக. கடுமையான பாடம்தான், ஆனால் மனிதர் வார்த்தையில் குறைவாகவும் பரம பிதாவிடம் அதிகமாகவும் சாய்ந்துகொள்ள அது என்னை நடத்தியிருக்கிறது.

எங்கே முறிந்தது

நவீன வாசகர்கள் இதைப் படித்ததும் பலதாரமணத்தின் மேல் பாய்வார்கள். அது பெரிய மோசடி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன வரிகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நிலம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஊழியர்களின் வாக்கு இருக்கிறது. வழக்கை ஆராய்கிறவர் தன் கோபத்தைச் சாட்சியின் வாயில் திணிக்கக் கூடாது.

அவர் கடவுளை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறை சொன்னது இடைத்தரகர்களை. ஜோசையா இறந்தபோது யாரையும் குற்றம் சொல்லாதவர், விதை செத்தபோது சொல்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும்: பிள்ளை பெரிதா, கோதுமை பெரிதா? ஆனால் கடற்பயணத்தில் சாவு வராது என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. சீயோனைப் பற்றித்தான் கொடுத்தார்கள். கொடுத்த வாக்குக்குத்தான் கணக்குக் கேட்கிறார். அதுவும் உடனே அல்ல, பதினெட்டு ஆண்டு முயன்று பார்த்துவிட்டு. அவசரத் தீர்ப்பு என்று அதைத் தள்ள முடியாது.

அவர் தனி ஆளும் இல்லை. அதே 1869 அக்டோபரில் வில்லியம் காட்பி, ஈ. எல். டி. ஹாரிசன் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் பிரிகாம் யங்கின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்ததற்காகச் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்கள் பத்திரிகை நடத்தி வாதாடினார்கள். ஜீன் ரியோ தன் நாட்குறிப்பில் எழுதினார்.

ஏன் அந்த ஆண்டு? 1869 மே 10 அன்று யூட்டாவின் பிரோமன்டரியில் கண்டம் தாண்டும் ரயில்பாதை இணைந்தது. சீக்கிரமே ஆக்டன் அதன் சந்திப்பு நிலையமானது. அதுவரை வெளியேறுவதென்றால் மறுபடி மாதக்கணக்கில் மாட்டுவண்டி. இப்போது வீட்டுப் பக்கத்திலிருந்து சில நாளில் கலிபோர்னியா. நில அலுவலகம், ரயில், சபைக்குள் பிளவு மூன்றும் ஒரே ஆண்டில் வந்து நின்றன. போக வழி கிடைத்த பிறகுதான் அவர் ஏமாந்தார் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றத்தைத் தேதி போட்டு எழுதும் துணிவு அப்போது வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அவரும் பிள்ளைகளைத் தேடிக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார். 1883-இல், 73-ஆம் வயதில், ஆன்டியாக் நகரில் இறந்தார். வில்லியம் என்ற மகன் யூட்டாவிலேயே தங்கிவிட்டார். ஆகவே இன்று அவர் வம்சத்தில் மார்மன்களும் உண்டு, மார்மன் அல்லாதவர்களும் உண்டு. முன்னோடிகளைக் கொண்டாடும் மேடைகளில் அதிகம் எடுத்துப் படிக்கப்படுவது 1851 பகுதி. சபையை விமர்சிப்பவர்கள் எடுப்பது 1869 பகுதி. இரண்டும் ஒரே கை எழுதியவை. முதல் பகுதியில் பள்ளத்தாக்கு கண்ணில் பட்டதும், இரண்டாவது பகுதி எழுதப்பட்டதும் அதே செப்டம்பர் 29-இல், பதினெட்டு ஆண்டு இடைவெளியில்.